வியாழக்கிழமைகளின் நாப்போலி

மனைவி இத்தாலிக்குப் போய் ஒன்பது வருஷம். நாப்போலி நகரத்தில், மூன்றாம் மாடி வீடொன்றில், வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த அம்மா இருக்கும்வரை அங்கே, பிறகு ஊருக்கு. அதுதான் எங்களுக்குள் பேச்சு.

வியாழக்கிழமை அவளுக்கு அரை நாள் லீவு. அங்கே இரண்டு மணி, இங்கே ஐந்தரை. நான் வேலை செய்கிற புடவைக் கடையை விட்டிறங்கி, கண்டி வாவியைச் சுற்ற ஆரம்பிப்பேன். உட்கார்ந்து பேச எனக்கு வராது. கையில் போன், போனில் அவள், அவளுக்குப் பின்னால் கடல். நான் நடக்க, அவளும் நடப்பாள். இப்படியே நாப்போலியை முக்கால்வாசி பார்த்துவிட்டேன். பீட்சாவை நாலாக மடித்து, காகிதத்தில் பிடித்து, நின்றபடியே தின்கிற சந்துகள். மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, தக்காளியோடு ஏறிப்போகும் கூடை. எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பெயியின் கூரையில்லாத தெருக்கள். கோப்பியைக்கூட நின்றுகொண்டே மூன்று மடக்கில் முடிப்பாள்.

"அவ்வளவுதானா? நாக்கு நனையிறதுக்குள்ள முடிஞ்சிருச்சே."

"ஒங்க வாளித் தேத்தண்ணி மாதிரியா? இது மருந்துங்க."

சிரிப்போம். சிரிப்பு அடங்குகிற இடத்தில் கேட்பேன்: "அந்தம்மா எப்படியிருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க. நீங்க எதுக்குக் கேக்குறீங்கன்னு எனக்கு வெளங்குது."

விளங்கட்டும் என்றுதான் கேட்டேன். ஒரு மனுஷியின் சாவுக்குக் காத்திருந்தேன். அதற்கு வேறு வார்த்தை கிடையாது. அலுமாரியில் ஒரு பக்கம் அவளுக்காகக் காலியாகவே கிடந்தது.

போன ஐப்பசியில் ஒரு வியாழன், அவள் வெளியே இறங்கவில்லை. குசினி மேசையைக் காட்டினாள். ஒரு சட்டி சூப், பிளாஸ்கில் கோப்பி, துணி மூடிய தட்டில் இனிப்பு.

"அம்மா செவ்வாய்க்கிழமை போய்ட்டாங்க" என்றாள். "இங்கயும் சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துல சமைச்சுக் கொண்டாந்து தர்றாங்க."

"யாருக்கு? பிள்ளைங்க வந்திருக்காங்களா?"

"வந்தாங்க. அடக்கம் முடிஞ்சதும் போய்ட்டாங்க. எனக்குத்தாங்க கொண்டாந்திருக்காங்க. கீழ்வீட்டம்மா, அவங்களுக்கே நடக்க ஏலாது, ஏறி வந்து பக்கத்துல உக்காந்து சாப்பிட வச்சிட்டுப் போறாங்க."

அழுதாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "அப்ப, வர்றதானே?" என்றேன்.

"சேர்ச்சுல முப்பதாம் நாள் பூசை இருக்கு. நான்தான் பாக்கணும்."

"அதுக்குப் பிறகு?"

"கீழ்வீட்டம்மாவப் பாத்துக்க ஆள் இல்ல. கேட்டாங்க." போனைப் பார்க்காமலே சொன்னாள். "சரின்னுட்டேன்."

அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். வைத்துவிட்டாள்.

வத்தேகம பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். நேராக வீட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி, பின்பக்கக் குழாயடியில், உடுத்த துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகத்தைக் காட்டு என்று ஒரு வியாழனும் நான் கேட்டதில்லை.