அபிப்பிராயக் கம்பவுண்டர்

பிறர் கதை படிக்கும்போது சவுரிராயன் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை மட்டும் மருந்துக் குப்பியைக் குலுக்குவதுபோல் ஆட்டிக்கொண்டிருப்பார். கை நின்றால் கதையில் கோளாறு என்று அர்த்தம். பெரும்பாலும் முதல் பத்தியிலேயே நின்றுவிடும்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போவார். அங்கே ஒரு காபி கிளப்பின் மாடியில் எழுத்தாளர் வட்டம் கூடும். ஒருவர் கதை படிக்க வேண்டும். மற்றவர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். அதுவரை படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதி சவுரிராயனுக்குத் தேனாக இனித்தது. நோயாளி படுத்திருக்க, அவன் தலைக்கு மேலே டாக்டர் இங்கிலீஷில் பேசுவதைப் பல வருஷம் பக்கத்தில் நின்று கேட்டவர் அல்லவா?

"அனீமியா. ரத்தமே கெடையாது. ப்ரோக்னோசிஸ் ரொம்ப பேடு" என்பார். தேறுவது சந்தேகம் என்பதற்கு டாக்டர் பாஷை. எழுதியவருக்கு முகம் வெளுத்துவிடும். "பொழைக்குமாங்க?" என்று வாய் தவறிக் கேட்டவர்களும் உண்டு. "பாக்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொள்வார். அவருடைய கதைகள் பத்திரிகை ஆபீசிலிருந்து திரும்பி வந்தால் மட்டும் கதைக்கு ஒரு நோயும் கிடையாது, பத்திரிகாசிரியருக்குத்தான் கண்ணில் கேட்டராக்ட். அச்சில் சவுரிராயன் என்ற பெயர் இதுவரை வந்ததே இல்லை.

பொங்கல் மலருக்கு வட்டத்திலிருந்து ஒரே ஒரு கதை அனுப்பும்படி சென்னை வாரப் பத்திரிகை ஒன்று கேட்டிருந்தது. சவுரிராயனின் கதைநாயகி ஒரு ராணி. பக்கம் பக்கமாக அழுது, கடைசியில் அகழியில் குதிக்கிறவள். போட்டியே இல்லை என்று அவர் நிம்மதியாக இருந்த வேளையில், ரயில்வே பார்சல் ஆபீஸ் தேவநாதன் எழுந்து தன் கதையைப் படித்தான்.

கண்டமங்கலத்துத் தாய் ஒருத்தி, வயிற்றுவலிக்காரியான மகளை டாக்டரிடம் கூட்டி வருகிறாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கம்பவுண்டரிடம், "ஃபங்ஷனல்" என்கிறார். உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசில்தான் என்று டாக்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. கல்யாணத்தைப் பட்டணத்து உறவுக்காரர்கள் 'பங்சன்' என்று சொல்லக் கேட்டவள் அந்தத் தாய். மருந்து ஜன்னலில், "பங்சன் வைக்கச் சொல்றாராய்யா?" என்கிறாள். சீசாவுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர், காதில் வாங்காமலே தலையை ஆட்டிவிடுகிறார். "டாக்டரே சொல்லிட்டாரு, ஜல்தியா முடிச்சிடணும்" என்று அடுத்த முகூர்த்தத்திலேயே மகளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கிறாள். அந்தக் கல்யாணப் பேச்சு எழுந்ததிலிருந்துதான் அந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்தது.

மாடியில் யாரும் காபி டம்ளரைத் தொடவில்லை.

சவுரிராயன் சட்டென்று கண்ணைத் திறந்தார். நடந்தது அவருடைய ஜன்னலில்! ஆடியது அவருடைய தலை! இந்தத் தேவநாதன் அன்றைக்கு அந்தத் தாய்க்குப் பின்னால் இருமிக்கொண்டு நின்றவன். இருமலுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு, கதையையும் அல்லவா தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்! அந்தப் பெண் என்ன ஆனாளோ என்ற கவலையும் அவருக்கு வராமல் இல்லை. வரிசையில் அது கொஞ்சம் பின்னால் நின்றது.

"இன்னா கம்பவுண்டரே, சொல்லுங்க" என்றார் வட்டத்துத் தலைவரான தமிழ் வாத்தியார் விருத்தாசலம்.

"ப்ரோக்னோசிஸ்..."

"யோவ், தமிழ்ல சொல்லுய்யா!" என்று கத்தினார் போட்டோ ஸ்டூடியோ நடராசன். "அரைகொறையாக் கேட்டுக்கினு எவனாவது பொண்ணக் கட்டிக் குடுத்துடப் போறான்!"

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. தலைவரும் அடக்கப் பார்த்து முடியாமல், "அதான் சரி. தமிழ்லயே சொல்லிடுங்க. எப்பிடி கதை?" என்றார்.

சவுரிராயன் தமிழில் யோசித்தார். தமிழில் அவரிடம் இருந்தது ஒரே ஓர் அபிப்பிராயம். அதைச் சொல்லிவிட்டால் ராணிக்கு அகழியே கதி.

"நல்லாத்தான் இருக்குது" என்றார், கசப்பு மருந்தை விழுங்குகிறவர் மாதிரி.

தேவநாதனின் கதையே மலருக்குப் போவது என்று முடிவாயிற்று. அவன் உருகிப்போய்க் காகிதங்களை நீட்டினான். "அண்ணே, நீங்களே நல்லாருக்குன்னு சொன்னப்புறம் வேற இன்னாங்க வேணும்? டாக்டர் வார்த்தையில தப்பு கிப்பு இருந்தா நீங்களே திருத்திடுங்க."

சவுரிராயன் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டாக்டர் வார்த்தை சரியாகத்தான் இருந்தது. 'ஒரு கம்பவுண்டர் காதில் வாங்காமலே தலையை ஆட்டினார்' என்ற இடத்தில் நின்றார். பேனாவைத் திறந்தார். 'ஒரு' என்பதை அடித்து, அதன் தலைக்கு மேலே 'திண்டிவனம் சவுரிராயன் என்ற' என்று எழுதி, மை காயட்டும் என்று ஊதினார்.