உப்புக்கோளில் கேட்ட பாங்கு

என் வாப்பா முத்தலிபு தில்லையடியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். 1995இல் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரங்கள் ஓடிய ‘உப்புக்கோள்’ தொடரை எழுதி இயக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எதையும் இயக்கவில்லை.

காற்றில்லாத ஒரு கோளில் பன்னிரண்டு பேர் சிக்கிக்கொள்கிறார்கள். அழைத்துப்போகக் கப்பல் வருமென்று காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எங்கள் உப்பளம்தான் கோள். அங்கு வேலை செய்தவர்களே நடித்தார்கள். வானொலி வழியாகப் பேசும் கப்பலின் குரல் மட்டும் வாப்பாவுடையது.

முப்பது வருடமாகியும் சந்தையிலும் மரண வீட்டிலும் கிளினிக்கிலும் ஆட்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவருடைய கடைசி நோன்பு மாதத்தில் நானும் கேட்டேன்.

“ஏன் வாப்பா இன்னும் சனம் மறக்கல்ல?”

“என்ட கதை நல்லம் எண்டு நெனச்சியா?” சிரித்தார். “அப்ப இங்க அகதி முகாம் முழுக்க மன்னார், யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டின ஆக்கள். ஒரு ரீவீக்கு முன்னால இருநூறு பேர். கப்பல் வருமா எண்டுதான் பாத்தாங்க. ராக்கெட்ட யாரு பாத்தா?”

“பிறகு கப்பல ஏன் காட்டல்ல?”

“காட்டக் காசில்ல. காட்டியிருந்தா அண்டைக்கே மறந்திருப்பாங்க.”

ஒரு மாதத்தில் மௌத்தானார்.

அடக்கம் முடிந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் ஒலிப்பதிவுப் பொறியியலாளன். கை எதையாவது திருத்தத் தேடியது. அலுமாரியில் எட்டாம் பாகத்தின் ஒளிநாடா மட்டும் கிடைத்தது. மற்றவை எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. ஒரு தடவை ஓட்டிக் கணினிக்கு மாற்றினேன். மறுதடவை ஓட்டியபோது நாடா சிக்கி, ஒட்ட முடியாதபடி நைந்து அறுந்தது.

அந்தப் பாகத்தில் ஒரு பிழை உண்டு. லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரத்தில் எடுத்த காட்சி. முகாம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பின்னால் கேட்கும்; வாப்பாவின் குரல் அதில் அமுங்கிவிடும். “காத்தில்லாத கோள்ல பாங்கு எப்படி மாஸ்டர் கேக்கும்?” என்று ஊரே வாப்பாவைக் கேலி செய்யும். இனி யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பாங்கையும் காற்றிரைச்சலையும் நீக்கினேன். வாப்பாவின் குரல் துலக்கமாக வந்தது. மூலக் கோப்பின் மேலேயே, அது அழியும்படி, சேமித்தேன். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் நாளே நான் எச்சரிக்கும் தவறு அது. பிறகு யூடியூபில் ஏற்றினேன்.

உம்மா வீட்டை விட்டு வெளியேறாமல் இத்தாவில் இருந்ததால் பெண்கள் தினமும் வந்துபோனார்கள். ஐந்தாம் நாள் வந்த ஸஃப்னா என்பவர் உம்மாவிடம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தார். தையல்காரி, என்னைவிடப் பத்து வயது கூட.

“தம்பி, யூடியூப்ல பாங்கு எங்க?”

“அது பிழை. எடுத்துட்டன்.”

“பிழையா? அது எங்கட வாப்பா.”

அவருடைய வாப்பா மீராசாஹிப் மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்தவர். முகாம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார். தொடர் ஓடி இரண்டு வருடத்தில் மௌத். புகைப்படமில்லை. வேறு பதிவில்லை.

“வருசா வருசம் வந்து கேட்டுட்டுப் போவன். உங்கட வாப்பாதான் போட்டுக் காட்டுவார். நீங்க கொழும்பில, உங்களுக்கு எங்க தெரியும்?”

எட்டாம் பாகம் மட்டும் ஏன் பூஞ்சணம் பிடிக்கவில்லை என்று அப்போது விளங்கியது.

நாடா அறுந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. திரையைப் பார்த்தார்.

“உங்கட வாப்பா மட்டும் வடிவா வெளங்குறார்.”

இரண்டு நாள் கணினியைக் கிண்டினேன். நீக்கிய ஒலியை மென்பொருள் ஒரு தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்திருந்தது. இரைச்சல், காற்று, துண்டு துண்டாகப் பாங்கு. அதையும் துலக்கிய கோப்பையும் ஒன்றுசேர்த்தால்தான் பாங்கு முழுதாகும். சேர்த்தால் வாப்பாவின் குரல் பழையபடி அதற்குள் அமுங்கிவிடும். பலவிதமாக முயன்றேன். இரண்டு குரலையும் ஒருசேரத் துலக்க முடியவில்லை.

சேர்த்தேன். ஸஃப்னாவை வரச்சொல்லி ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். உதடு பாங்கோடு சேர்ந்து அசைந்தது. திடீரென்று ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார்.

“தம்பி, இப்ப உங்கட வாப்பா கேக்குறாரில்லயே.”

“தெரியும்,” என்றேன். “நீங்க கேளுங்க.”