மெம்பர் வீட்டு அர்ஜி

என் வீட்டுக்காரர் தேர்தலில் தோற்க வேண்டும் என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் அந்த மனுஷர் ஜெயித்தார். முதல் இரண்டு தடவைக்கு மாதாவிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாவது தடவை அவரை ஜெயிக்க வைத்தது என் வாய்.

அவர் கொத்தனார் மேஸ்திரி. போர்ட் பிளேரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கட்டும் காண்ட்ராக்டுக்கு இரண்டு வருஷம் என்று சொல்லித் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். அந்த இரண்டு வருஷத்தை நம்பி நானும் கப்பல் ஏறினேன். ஐந்து வயது மகளை ஊரில் என் அக்காளிடம் விட்டுவிட்டு வந்தேன். அக்காளுக்குப் பிள்ளை கிடையாது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடம் அவள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. கண்காணாத தீவுக்குப் பிள்ளையை எதற்கு இழுத்துக்கொண்டு போகிறாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தாலும் சுவரில் முட்டத் தோன்றுகிறது. திரும்ப அவளைப் பார்த்தபோது அவள் என்னைவிட உயரமாக இருந்தாள்.

தீவுக்குச் சட்டசபை கிடையாது. எம்.எல்.ஏ. என்று ஒருவர் எங்களுக்கு இருந்ததே இல்லை. முனிசிபல் போர்டுக்கு வார்டு மெம்பர் உண்டு, அவ்வளவுதான். வந்த மறுவருஷம் தெருவில் ஒரு குழாய்ச் சண்டையைத் தீர்த்துவைக்கப் போனார். சண்டை போட்டவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து அவரையே மெம்பருக்கு நிற்க வைத்துவிட்டார்கள். ஜெயித்த அன்றைக்கே எங்கள் ஜனங்களுக்கு அவர் ‘நம்ம எம்மெல்லே’ ஆகிவிட்டார். வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் ‘மெம்பர் சாப்’. காண்ட்ராக்ட் முடிந்தது, மெம்பர் பதவி முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் நிறுத்தினார்கள். மறுபடியும் ஜெயித்தார்.

சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் பேச்சுக்குத்தான். ஜனங்களுக்கு மெம்பரிடம் வேண்டியது ஒன்றே ஒன்று, கப்பல் சீட்டு. மெயின்லாண்டு போகிற கப்பல் அது நினைத்தபோது வரும். வந்தால் இருக்கிற இடம் கொஞ்சம், போக வேண்டியவர்களோ தீவு பூராவும். அவசரக்காரர்களுக்கென்று ஆபீசில் சில இடங்களை ஒதுக்கி வைப்பார்கள். அதற்கு மெம்பர் எழுதிக் கொடுத்தால் மதிப்பு உண்டு.

மெம்பர் எங்கே எழுதினார்? எழுதியது நான். கான்வென்டில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அத்தனை அர்ஜியும் நானே எழுதுவேன். சாகக் கிடக்கிற தகப்பன், கல்யாணம் நிச்சயமான தங்கச்சி, தலைப்பிரசவம் என்று எந்தக் காரணத்துக்கு எந்த வாக்கியம் என்பது எனக்கு மனப்பாடம். அவருக்கு இங்கிலீஷில் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டத் தெரியும். விரலை வைத்துப் பெயரைப் படித்து, விஷயம் உண்மைதானா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

ஒரு தடவை அந்த அர்ஜிக் கட்டுக்குள் என் பெயரையும் எழுதி வைத்தேன். விரல் அங்கே வந்து நின்றது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மெம்பர் வீட்டுப் பேரு ஏறிச்சுன்னா மத்தவன் நம்மள நம்புவானா? அடுத்த கப்பலுக்குப் பாப்போம்” என்றார்.

அந்த அடுத்த கப்பல் வரவே இல்லை. கப்பல்கள் வந்தன, அது வேறு. ஒவ்வொன்றுக்கும் என்னைவிட அவசரமான ஒருத்தி எங்கிருந்தோ முளைத்துவிடுவாள். சரி, மெம்பரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நானே போய் டிக்கெட் வரிசையில் நின்றால், கவுண்ட்டர் பாபு எழுந்து நின்று கும்பிட்டான். நீங்கள் எதற்கு வெயிலில் நிற்கிறீர்கள், சாப் ஒரு வரி எழுதினால் போதுமே என்று இந்தியில் சொல்லி, சிரித்த முகமாகத் திருப்பி அனுப்பிவிட்டான். யாரையாவது துணை சேர்த்துப் பிள்ளையை அனுப்பி வை என்று அக்காளுக்கு எழுதினேன். கடலில் பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டேன், பெற்றவள் வந்து கூட்டிப் போகட்டும் என்று பதில் போட்டாள். பெற்றவள் ஏன் வரவில்லை என்பதற்கு நான் என்ன எழுத? புருஷன் விடவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. உடம்பு சரியில்லை, டாக்டர் கப்பல் ஏறக் கூடாது என்கிறார் என்று புளுகினேன். வருஷா வருஷம் அதே புளுகு. நான்கு பக்கமும் கடல், நடுவில் கல்லுக்குண்டு மாதிரி நான்.

மூன்றாவது தேர்தல் வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதிர்த்து நின்றவர் பஜாரில் கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷர். இந்தத் தடவை மாதாவை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்தேன். கோடைக்காலம். குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வார்டுப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன்.

“பெத்த பிள்ளையப் பாத்து ஏழு வருசமாச்சு. சொந்தப் பொண்டாட்டிக்கே ஒரு சீட்டு எழுதிக் குடுக்காத மனுசன் ஒங்களுக்கா செஞ்சு கிழிக்கப் போறாரு? ஓட்டப் போடுறதுக்கு முன்னால யோசிங்க.”

பக்கத்து வீட்டுக்காரி, “நெசமாவா மைனி? ஒரு தடவகூட எழுதலியா?” என்றாள். அவளும் தூத்துக்குடிப் பக்கம்தான், மீன்காரர் பெண்டாட்டி. சத்தியமாக இல்லை என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்காகத்தான் கலங்குகிறாள் என்று நினைத்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். மடச்சி.

நான்கு நாள் கழித்துத் தெரு முக்கில் ஓட்டுக் கேட்கும் கூட்டம். சிப்பிகாட் என்ற ஊரிலிருந்து கீரை கொண்டு வந்து விற்கும் வங்காளி ஒருவர் எழுந்து, “அப்னி பீவி கோ பி டிக்கெட் நஹி தியா!” என்று கையை உயர்த்தினார். சொந்தப் பெண்டாட்டிக்கே டிக்கெட் கொடுக்காத மனுஷன், இவரை நம்பாமல் வேறு யாரை நம்புவீர்கள் என்று கேட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் குழாயடியில் கொட்டிய வயிற்றெரிச்சல் நாலு பாஷையில் சுற்றி வந்து அவருக்கு ஓட்டாக நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

என் ஓட்டைக் கடைக்காரருக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் முன்னே இரண்டு தடவை வாங்கியதைவிட அதிக ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஜனங்கள் வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை போட்டார்கள். தியாகி என்றார்கள் என்னை. அன்றைக்குத் தெரிந்தது, இனி அவரே மனசு மாறி எழுதிக் கொடுத்தாலும் என்னால் கப்பல் ஏற முடியாது. ஏறினால் அந்தக் குழாயடியில் இத்தனை பேர் முகத்தில் எப்படி முழிப்பேன்? கதவை வெளியிலிருந்து அவர் சாத்தியிருந்தார், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டவள் நான்.

பக்கத்து வீட்டுக்காரியின் அப்பாவுக்கு வாதம் என்று சேதி வந்து, அடுத்த கப்பலில் அவள் ஊருக்குப் போனாள். எழுத்து என்னுடையதுதான். மகளுக்கு ஒரு பாவாடைத் துணி கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தவள், ஒட்டிய கவர் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். “ஒங்க மக குடுத்தா. மெம்பர் கையிலதான் குடுக்கணுமாம்” என்றாள்.

தமிழில் எழுதியிருந்ததால் அவரே படித்தார், விரலை ஓட்டி, வாய்விட்டு.

“மதிப்பிற்குரிய மெம்பர் அவர்களுக்கு. தங்கள் வார்டில் வசிக்கும் என் தாயார் நோயாளி என்பதால் கப்பலில் ஏற்றவில்லை என்று பெரியம்மா சொல்கிறார்கள். நான் சென்ற மாதம் பெரியமனுஷி ஆனேன். இனி அவர்களை என்னால் நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும். கீழ்த்தட்டில் ஒரு இடம் கொடுத்தால் போதும். தாங்கள் என் தகப்பனார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அர்ஜி இல்லாமல் தாங்கள் எதுவும் செய்ய மாட்டீர்கள் என்று இங்கே வந்த அத்தை சொன்னார்கள்.”

கடைசி வரியை வாய்க்குள் இன்னொரு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மேஜை மேல் இருந்த அர்ஜிக் கட்டைத் தூக்கி, இதை அடியில் வைத்தார்.

“முன்னால நாலு பேரு இருக்காக” என்றார்.

பேனாவைத் தரையில் எறிந்தேன். பிள்ளை வயசுக்கு வந்ததை அர்ஜியில் கேட்டுத் தெரிந்துகொள்கிற தாய் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று கத்தினேன். அந்தத் தாள் மேலே வருகிறவரை இந்த வீட்டில் ஒரு எழுத்து எழுத மாட்டேன், முடிந்தால் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குனிந்து பேனாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரால் எழுத முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் வாழ்க்கையில் அவரை நான் ஜெயித்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

அப்போது வாசலில் ஒரு தெலுங்குப் பெண் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. எட்டாம் மாசம், தலைப்பிள்ளை. அர்ஜிக் கட்டின் மேலே இன்னும் நிரப்பாமல் இருந்தது அவள் அர்ஜிதான். புருஷன் காட்டு வேலைக்குப் போய்விட்டான், இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை கப்பல், எழுதியாகிவிட்டதா என்று அரைகுறை இந்தியில் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். இந்த வீட்டில் வரிசை தப்பாது என்று எல்லோரும் சொன்னார்களாம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். முகமெல்லாம் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

பேனாவை எடுத்தேன். அவள் பெயர், புருஷன் பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் தலைப்பிரசவத்துக்கு எனக்கு மனப்பாடமான வாக்கியம் வரவில்லை. மகளுக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் என்று எழுதினேன். அவர் விரலை வைத்துப் பெயரைப் படித்தார். விஷயம் உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். கையெழுத்துப் போட்டார்.