ஒரே ஆட்டோவில் அனுப்பிவைத்தவள்

பெங்களூரு மர்பி டவுனில் குளோரியா என்ற பெயரில் பல பேர் உண்டு. ஸ்டேஷன் குளோரியா என்றால் ஒருத்திதான். அவள் போலீஸ்காரி அல்ல. காவல் நிலையத்தின் பின்பக்கத்து அறையில் இயங்கும் பெண்கள் உதவி மையத்தில் ஆலோசகர். வீட்டில் அடிபட்டு வருகிற பெண்களை முதலில் அந்த அறைக்குத்தான் அனுப்புவார்கள். தமிழோ, கன்னடமோ, தக்கினி உருதுவோ, வந்தவள் எதில் அழுகிறாளோ அதிலேயே குளோரியா ஆறுதல் சொல்வாள்.

அவளுடைய கணவர் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவர். மாரடைப்பில் போய்ச்சேர்ந்துவிட்டார். இருந்தவரை அவளை ஒரு அதட்டல் அதட்டியதில்லை. கை நீட்டுகிறவனும் உள்ளூர நல்லவனாகத்தான் இருப்பான், உட்காரவைத்துப் பேசினால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை அவளுக்கு அந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. பட்டு அறியாதவளின் நம்பிக்கை அது.

அவள் வேலை செய்யும் விதம் அந்த வட்டாரத்துக்கே தெரியும். புகார் வந்ததும் கணவனுக்குப் போன் போடுவாள். அவன் வந்ததும் இருவரையும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்காரவைப்பாள். தன் பிளாஸ்கிலிருந்து இருவருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பாள். அவனைக் கொஞ்சம் கண்டிப்பாள், அவளைக் கொஞ்சம் தேற்றுவாள். கடைசியில் கேட் வரைக்கும் கூடவே போய், இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆட்டோ திரும்பும் வரை கை காட்டிக்கொண்டு நிற்பாள்.

“வர்றப்போ ரெண்டு ஆட்டோ, போறப்போ ஒரே ஆட்டோ. அதாம்மா நம்ம வேலை” என்று புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர் சௌம்யாவிடம் பெருமையாகச் சொன்னாள். சௌம்யா ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண். தமிழ் புரியும், திக்கித் திக்கிப் பேசவும் வரும். வழக்கு பதியாமல் முடிந்த ஒவ்வொரு புகாரும் அவளுக்கும் ஒரு சுமை குறைந்த மாதிரிதான்.

அப்படித்தான் நீலசந்திராவிலிருந்து சிந்து வந்தாள். நான்கு வயது மகள் அனன்யா இடுப்பில் இருந்தாள். சிந்துவின் கன்னத்தில் பழைய காயம் மஞ்சளாக மாறியிருந்தது. சிந்துவிடம் சொந்தமாகப் போன் இல்லை. அதனால் தொடர்பு எண்ணாகக் கணவன் பரத்தின் எண்ணையே குளோரியா எழுதிக்கொண்டாள். வழக்கம் அதுதான்.

பரத் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். சட்டையை டக் செய்து, தலை வாரி, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

“அக்கா, தப்பு எம்மேலதான். வேலை டென்ஷன். இனிமே கை வச்சா நீங்களே என்னை உள்ள தள்ளுங்க” என்றான். கண் கலங்கியது.

குளோரியாவின் கண்ணும் கலங்கிவிட்டது. சிந்துவின் பக்கம் திரும்பி, “நீ சொல்லும்மா. பயப்படாம சொல்லு” என்றாள்.

சிந்து தரையைப் பார்த்தபடியே, “சரிக்கா, போறேன்” என்றாள்.

வாசலில் யூஜினின் ஆட்டோ நின்றது. யூஜின் குளோரியாவின் தெருக்காரன். நாளெல்லாம் கேட்டுக்கு எதிரேதான் ஸ்டாண்டு. மூவரும் ஏறினார்கள். குளோரியா கை காட்டினாள். உள்ளேயிருந்து சிந்துவும் கை காட்டினாள்.

அதற்குப் பிறகு யூஜின் அந்த கேட்டில் தம்பதிகளை ஏற்றவில்லை. கூப்பிட்டால் வண்டியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்பான், டயர் சரியில்லை என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து பேக்கரி வாசலில் பன் வாங்கிக்கொண்டு நின்றவனை, ரொட்டி வாங்க வந்த குளோரியா பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடா, நம்ம சவாரின்னா உனக்கு ஆகலியா? பெரிய ஆளாயிட்டியோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

“அப்புறம் இன்னா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

யூஜின் பன்னைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தான். “அந்த நீலசந்திராப் பொண்ணு இல்ல, கொழந்தையோட வந்துச்சே. நீங்க கை காட்னீங்க, அதுவும் கை காட்டுச்சு. அதோட இன்னொரு கை அவன் கைல இருந்துச்சுக்கா. வெரலப் பின்னாடி மடக்கிக்கினே வந்தான். கண்ணாடில பாத்தேன். சிரிச்ச மூஞ்சி மாறல அவனுக்கு. ட்ரினிட்டி சிக்னல்ல நிக்கறப்போ ‘இன்னொரு வாட்டி அவகிட்ட போவியா’ன்னு கேட்டான். அது வாயத் தொறக்கல. கொழந்த பாத்துன்னே இருந்துச்சு.”

“அன்னைக்கே ஏண்டா சொல்லல?”

“நீங்க சேத்து வச்சது. நடுவுல பூர்றதுக்கு நான் யாருக்கா?”

பேக்கரிக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார். குளோரியா வாங்கவில்லை. இத்தனை வருடம் அந்த கேட்டில் நின்று கை காட்டி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தன. எந்த முகத்தோடும் சேர்த்து ஒரு கையை அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை அறைக்குப் போனதும் போனை எடுத்தாள். எண்ணைப் பாதி அழுத்தியபோதுதான் உறைத்தது. அது பரத்தின் எண். சிந்து எப்படி இருக்கிறாள் என்று அவள் விசாரித்தால், அந்த விசாரிப்புக்கான கூலியைச் சிந்துதான் வாங்குவாள். போலீஸை அனுப்பினாலும் அதே கதை. ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் அலுவலகத்திலிருந்து, அந்தப் பெண்ணிடம் மட்டும் பேச ஒரு வழி இல்லை.

அவள் பஸ் பிடித்து நீலசந்திராவுக்குப் போனாள். சிந்துவின் வீட்டுக்குப் போகவில்லை. நான்கு வயதுக் குழந்தை எங்கே இருக்கும் என்று யோசித்து, அங்கன்வாடிக்குப் போனாள். அங்கே பணியாளர் சொர்ணம் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அனன்யா ஒரு மூலையில் விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளோரியா யாரென்று தெரிந்ததும் சொர்ணத்தின் முகம் இறுகியது.

“ஓ, அந்த டீக்கார அம்மாவா? சேத்து வைக்கறவங்க?”

குளோரியா அதை வாங்கிக்கொண்டாள். “சிந்து எப்படிம்மா இருக்கா?”

“கைல மாவுக்கட்டு. வழுக்கி வுழுந்துட்டாளாம், ஆஸ்பத்திரில அப்படித்தான் எழுதிக்கினாங்க. அவன்தானே கூட நின்னான்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஒரு வருசமாத் தெரியும். எங்க ஆபீஸ் மேடத்துக்கிட்டயும் சொன்னேன். ஸ்டேஷன்ல பேசி முடிச்சிட்டாங்களாமே, அப்புறம் நாம என்ன பண்றதுன்னு விட்டுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை எங்கள கேட்டீங்களா?”

சொர்ணம் சொன்ன ஆபீஸ் மேடம் தமயந்தி. குழந்தைகள் வளர்ச்சித் துறையில் அந்த வட்டாரத்து அதிகாரி. குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியும் அவர்தான். கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டியவர். அவருக்கு குளோரியா எத்தனையோ தபால்கள் அனுப்பியிருக்கிறாள், ஒரு தடவை கூட நேரில் பேசியதில்லை. ஸ்டேஷன் பார்த்துக்கொள்ளும் என்று அவர் இருந்தார். டாக்டர் எழுதுவார் என்று ஸ்டேஷன் இருந்தது. எல்லோரும் ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். முழுவதும் தெரிந்தது அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் மட்டும்தான்.

“அவ இங்க வருவாளா?” என்று குளோரியா கேட்டாள்.

“கொழந்தைங்கள எடை போடற அன்னிக்கி அம்மாமாருங்க வருவாங்க. அவன் இங்க மட்டும் தலை காட்ட மாட்டான். பொம்பளைங்க எடம்னு கேவலம் அவனுக்கு.”

எடை போடுகிற நாளில் குளோரியா மற்ற தாய்மாரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சிந்து உள்ளே வந்து அவளைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

“மறுபடியும் பேசி அனுப்ப வந்தீங்களாக்கா?”

“இல்லம்மா. கேக்க வந்தேன்.”

“அன்னிக்கும் கேட்டீங்க. பயப்படாம சொல்லுன்னீங்க. அவரு தொடை என் தொடைல இடிச்சிக்கினு இருந்துச்சு. நான் என்னத்தச் சொல்ல?”

வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஆறுதல் வார்த்தையை குளோரியா விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“உனக்கு என்னா வேணும், சிந்து?”

சிந்து மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். “அவரு வேலைக்குப் போன அப்புறம் கெளம்பணும். பாப்பா இங்கயே இருக்கணும், இங்கேர்ந்தே தூக்கிக்கணும். நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. எங்க அம்மாவுக்குக் கூட. அவங்க சொல்லிடுவாங்க, மாப்ள அழுதா தாங்க மாட்டாங்க.”

அடுத்த நாள் குளோரியா தமயந்தியின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள். தமயந்தி முதலில் சலித்துக்கொண்டார், பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எலும்பு டாக்டரிடம் சிந்து தனியாகப் பேச ஏற்பாடு ஆனது. வழுக்கி விழுந்ததல்ல என்று இந்த முறை சீட்டில் ஏறியது. பெண்களுக்கான பாதுகாப்பு விடுதியில் இடம் கிடைத்தது. சிந்து சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொர்ணம் அனன்யாவைத் தூக்கிக் கொடுத்தாள்.

அதே சாயங்காலம் பரத் ஸ்டேஷனுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். சௌம்யா அவனைப் பின்னறைக்கு அழைத்து வந்து, “குளோரியாவரே, அந்தப் பெண்ணையும் கரெஸி. இப்ரன்னூ கூர்ஸி மாத்தாட்ஸி, முகீத்து. நாளைக்கி எனக்கு பந்தோபஸ்து டியூட்டி இருக்கு” என்றாள். வழக்கம்போல அவளையும் வரவழைத்து, இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுங்கள் என்பதுதான் அது.

“இல்ல மேடம். சேத்து உக்கார வைக்க மாட்டேன்.”

சௌம்யா புருவத்தை உயர்த்தினாள். “நீங்கதானே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?”

“தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்.”

பரத் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். “அக்கா, அவ வர வேணாம். பாப்பா மொகத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்க. ரெண்டு நாளா சோறு எறங்கல. எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நான் போகக் கூட மாட்டேன்.”

கண்ணீர் தாடையில் வழிந்தது. அது நடிப்பென்றும் சொல்ல முடியாது. பெற்ற பாசம் அவனுக்கும் இருந்தது. குளோரியாவின் நெஞ்சு பழைய பழக்கத்தில் இளகத்தான் செய்தது, கை தானாகவே பிளாஸ்க் பக்கம் போனது. அன்று காலையில்தான் சிந்து வெளியேறியிருந்தாள். இரண்டு நாளாக என்று அவன் சொன்னதை குளோரியா கவனித்தாள். பிளாஸ்கை மூடியோடு அப்படியே விட்டாள்.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றாள். அது பொய்யல்ல. விடுதி எந்தப் பக்கம் என்று அவள் தமயந்தியிடம் கேட்கவே இல்லை. “கோர்ட்லேர்ந்து தாக்கீது வரும். நீ அங்க பேசலாம்.”

“நீங்க மாறிட்டீங்கக்கா” என்றான் பரத். குரலில் இப்போது அழுகை இல்லை.

சௌம்யாவும் அந்தக் குரலைக் கேட்டாள். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “எந்திரிச்சு நில்லு. முன்னாடி வந்து ஸ்டேட்மென்ட் கொடு” என்றாள்.

சில வாரங்களில் தடை உத்தரவு கிடைத்தது. பரத் சிந்துவை நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் சொன்ன அன்று, தமயந்தி கேட்டுக்கொண்டபடி அவனை நீதிமன்றக் கூடத்திலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். சிந்துவும் அனன்யாவும் குளோரியாவோடு பின்வாசல் வழியாக வந்தார்கள். யூஜின் ஆட்டோவைத் தயாராக வைத்திருந்தான்.

“எங்கக்கா போணும்?” என்று வழக்கப்படி குளோரியாவைக் கேட்டான்.

“என்னைக் கேக்காத. ஏறுனவங்க சொல்லுவாங்க.”

ஆட்டோ கிளம்பியது. பழக்கதோஷத்தில் குளோரியா கையைத் தூக்கினாள். சிந்து பதிலுக்குக் கை காட்டவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மகளைச் சுற்றி இருந்தன. குளோரியா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி நடந்தாள்.