நம்பி வாசிக்கலாம்

சபைக்குச் சொந்தமான புத்தகக் கடையில் அவளுக்குப் பெயர் சீட்டு அக்கா. தான் வாசித்துப் பிடித்த புத்தகத்தின் உள்ளட்டையில் கைப்பட ஒரு சீட்டு எழுதி ஒட்டுவது அவள் கொண்டுவந்த பழக்கம். ஒரு தியான நூலில், “கோபக்காரர்கள் காலையில் இரண்டு பக்கம் வாசிக்கவும். மாமியாருக்கு இரவல் தர வேண்டாம்.” ஒரு கடலோடியின் பயண நூலில், “தூக்கம் கெட்டால் கடை பொறுப்பல்ல.” ஒரு சுவரில் ஜெப நூல்களும் ஊழியர்களின் வாழ்க்கைக் கதைகளும், எதிர்ச் சுவரில் நாவல், அறிவியல், குழந்தை வளர்ப்பு. இரண்டு சுவரும் அவளுக்கு ஒன்றுதான். சீட்டு இல்லாத புத்தகத்தைத் தொடாத வாடிக்கையாளர்கள்கூட உண்டு.

அந்தச் சீட்டின் மதிப்பைச் சபைச் செயலாளர் அவளைவிட நன்றாக அறிந்திருந்தார். ஜெபம் இருக்க மருந்து எதற்கு என்று ஒரு பிரசங்கியார் எழுதிய பச்சை அட்டைப் புத்தகம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது.

“உன் கையால ரெண்டு வார்த்தை எழுதி ஒட்டும்மா.”

“இன்னும் படிக்கலையே ஐயா.”

“தெய்வ காரியத்தைக்கூடப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்புவியா?”

வேலை போய்விடுமோ என்ற பயம். “நம்பி வாசிக்கலாம்” என்று எழுதி எல்லாப் பிரதிகளிலும் ஒட்டினாள். பையில் கைவிட்டால் திருட்டு என்கிறோம். ஒருத்தி வருஷக்கணக்காகச் சேர்த்த நம்பிக்கையில் கைவிட்டால் அதற்கு ஊழியம் என்று பெயர்.

அவள் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அடுத்த ஞாயிறு மதியம் அக்கா தங்கையின் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகமாக வாங்கியது. அதில் அழுகிய பழத்தின் வாடை. தலையணை அருகே பச்சை அட்டை.

“ஊசி போட்டியாடி?”

“விட்டுட்டேன்க்கா. ஜெபத்துல இருக்கேன்.”

“பைத்தியமா உனக்கு? செத்துப்போயிடுவே! எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

தங்கை உள்ளட்டையைத் திறந்து காட்டினாள். “உன் கையெழுத்துதானே? நீ குடுத்த எந்தப் புத்தகத்தை நான் வேணாம்னு சொல்லியிருக்கேன்?”

உண்மையைச் சொன்னால் மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தாள் அக்கா. “நான் அதைப் படிக்கவே இல்லடி. செயலாளர் சொன்னாருன்னு எழுதினேன்.”

தங்கை அவளையே பார்த்தாள். “அப்போ இனிமே உன் பேச்சை எதுக்கு நம்பணும்? இந்தப் பிரசங்கியாராவது மாத்திப் பேசல.” கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள் அக்கா. வந்தாலும் ஏற மாட்டேன் என்றாள் தங்கை. வேறு வழி தெரியாமல், புத்தகத்தைப் பிடுங்கி முதன்முறையாக வாசித்தாள். மருந்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்காதா என்று பக்கங்களைக் கிழியக் கிழியப் புரட்டினாள். முடவர் நடந்தார், குருடர் பார்த்தார், மாத்திரை சாப்பிட்டவர் மட்டும் விசுவாசம் குறைந்தவர். கடைசியில், யாருமே வாசிக்காத நன்றியுரை. அதை உரக்க வாசித்தாள்:

“என் இருதய அறுவை சிகிச்சையைத் திறம்படச் செய்த மருத்துவர்களுக்கும், அதன் செலவை ஏற்ற சபையாருக்கும் நன்றி.”

“காட்டு.” தங்கை பக்கத்தை முகத்தருகே பிடித்தாள். “எழுத்தெல்லாம் கலங்குதுக்கா. நிஜமாவே போட்டிருக்கா? இல்ல, நீயா சொல்றியா?”

வாசலில் வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்த ஆம்புலன்ஸ்காரரின் கையில் புத்தகத்தைத் திணித்தாள்.

“அண்ணே, இதைச் சத்தமா வாசிங்க!”

“ஏம்மா, உயிர் போற நேரத்துல புத்தகமா?”

“அதுக்குத்தாண்ணே, வாசிங்க!”

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். “இருதய... அறுவை... எழுதினவரே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாராம்மா. நல்ல டாக்டர் போல.”

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

“பிழைச்சா, சிறுநீரகம் எப்படி இருக்குன்னு அப்புறம் பார்க்கலாம்” என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவள் கடையைத் திறந்து, மிச்சமிருந்த பச்சை அட்டைகளில் பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக ஒட்டினாள்: “கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கவும்.”

செயலாளர் பதறி ஓடிவந்தார். “யாரைக் கேட்டு எழுதினே?”

“இந்தத் தடவை படிச்சுட்டு எழுதினேன் ஐயா.”

விற்றுப்போனவை எந்தெந்தத் தலையணை அருகே கிடக்கின்றனவோ! வாங்கியவர்களின் முகங்கள் மட்டுமே அவளுக்கு நினைவிருந்தன. இருமிக்கொண்டே வாங்கிப்போன தையல்காரரின் முகம் முதலில் வந்தது. சாவியைச் செயலாளரின் மேசையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, தையல்கடை இருக்கும் தெருவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.