பிள்ளை பெற்றவளின் நெஞ்சுவலிக்குப் பெயர் வாய்வு

மருத்துவ மாதாக நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊரார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை எத்தனை கிலோ? பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஓர் ஆளில்லை. வீடு வீடாக ஸ்கூட்டியில் அலைகிற சகோதரிமாரே, உங்களுக்கும் இதே கதிதானே?

சரக்குக் காரம்

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் வட்டை ஓரத்து வீடு. சுகந்திக்கு இரண்டாவது பெண் பிறந்து இரண்டு கிழமை. பிள்ளையை நிறுக்கப் போன நான் கண்டது, சுவரில் சாய்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த தாயைத்தான். நடு நெஞ்சை அமத்துகிறதாம், இடது கையும் தாடையும் உளைகிறதாம். மாமியார் அவளுக்கென்று மிளகும் சீரகமும் அரைத்துப் போட்ட சரக்குக் கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்:

"சரக்குக் காரம் கா மிஸ், வாய்வு. உள்ளி சுட்டுக் குடுத்திரிக்கன், கலைஞ்சிரும்."

துடக்கு

ஆசுபத்திரிக்கு ஏற்றுவோம் என்றேன். வந்தது சண்டை. பிள்ளை பெற்ற தீட்டான துடக்குக் கழியாமல் வாசல் படலை தாண்டக்கூடாதாம். புருஷன் தாயின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் செத்தாலும் துடக்குத்தான், பரவாயில்லையா?" என்று கத்திவிட்டேன். அவன் ஆட்டோ பிடிக்க ஓடினான். மாமியார் படலைவரை வந்து சொன்னது:

"கெதியா கூட்டிக்கொண்டு வாங்க, புள்ள பாலுக்குக் கத்தும்."

வயசு

வாவிப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஆசுபத்திரியில் ஓர் இளம் டொக்டர். சுகந்திக்கு முப்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, பிறஷரும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. ஈசிஜியிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். வாய்வுக்கு மருந்து எழுதப் பேனையை எடுத்துவிட்டார். இவளை இப்படியே வீட்டுக்கு அனுப்பவிடமாட்டேன் என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்தார்:

"இந்த வயசில பொம்பிளைக்கு ஹார்ட் அட்டாக் வராது மிஸ், நித்திரையில்லாமப் பயந்திருக்கிறா."

கிழிசல்

என் சத்தத்துக்குத்தான் இதய வைத்திய நிபுணர் எட்டிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் படம் பிடித்தார்கள். மாரடைப்பேதான்! கொழுப்பு அடைக்கவில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்து, இரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை நெருக்கிவிட்டதாம். பிள்ளை பெற்ற புதிதில், ஒரு நோயும் இல்லாத தாய்மாருக்கும் இது வருமாம். வீட்டிலேயே கிடந்திருந்தால் ஆள் தப்பியிருக்காது. கிழிந்தது மெல்ல ஆறும், ஆனால் இன்னொரு பிள்ளை பெறுவது ஆபத்து என்றார். வெளியே நின்ற புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கேட்டது:

"அப்ப ஆம்புளப் புள்ளைக்கு என்ன மிஸ் செய்யிற?"

நல்லகாலம்

வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு சுகந்தியிடம் போனேன். உனக்கு வந்தது வாய்வில்லை, மாரடைப்பு என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஓர் ஆறுதல். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லகாலம் மிஸ், வருத்தம் மெய்யா இரிந்திச்சி. இல்லாட்டி மாமிக்கு முன்னால என்னண்டு போய் முழிக்கிற?"

நெஞ்சு கிழிந்ததைப் படம் பிடித்துக் காட்டினால்தான் ஒரு தாயின் வலி மெய்யாகும் என்றால், நான் பிள்ளைகளை நிறுக்கிற தராசைக் கொண்டுபோய் வாவியில் எறியலாம்.