சாம்பல் பூனையின் நெஞ்சுத் துடிப்பு

எதிர்வீட்டுப் பெண் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பூனையின் இதயத்தை இப்போது ஸ்கேன் வைத்து அளக்கிறார்களாம். நோயில்லாத பூனைக்கே இன்று ஓர் அளவு, நாளை ஓர் அளவு வருமாம். அதனால் திரும்பத் திரும்ப அளந்துதான் எதையும் சொல்வார்களாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எழுபதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. அங்கே ஒரு சாம்பல் பூனை. மத்தியானம் நான் பயறு உரித்து முடித்ததும் மடிக்கு வந்துவிடும். அதன் விலாவில் கை வைத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு அவ்வளவு வரும். நிமிஷத்துக்கு நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் துடிக்கும்.

பங்களாவில் இருந்த மேனேஜர் துரைக்கு வடக்கே மாற்றல் வந்தது. நாலு நாள் ரயில். பூனை தாங்குமா என்று பார்க்க, துரை வீட்டு அம்மா மலையாளத்துக்கார மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அதைக் கார் ஷெட் மேசையில் அழுத்திப் பிடித்துக் குழாய் வைத்துக் கேட்டார். பக்கத்தில் கட்டியிருந்த நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. இருநூற்றுச் சொச்சம் என்றார். மறுபடி எண்ணினார், இன்னும் கூடியது. இதயம் கெட்ட பூனை, வழியிலேயே தவித்துச் சாகும், ஊசி போட்டுவிடுவதுதான் நல்லது என்றார். அம்மா அழுதுகொண்டே சம்மதித்தார்கள்.

என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கலாம். சமையல்காரரிடம் மட்டும், என் மடியில் இருக்கும்போது இவ்வளவு வேகமாகத் துடிப்பதில்லையே என்றேன். அவர் தேங்காய் துருவியபடியே சிரித்தார்.

"மழையில நனைஞ்ச கொழுந்துக்கு ஈரம்னு ரெண்டு கிலோ கழிக்காங்கல்ல தங்கச்சி? பூனைக்கும் பயம்னு கொஞ்சம் கழிக்கச் சொல்லு. போ, டாக்டர்ட்ட சொல்லு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சரியான பேச்சு. அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். டாக்டருக்கும் அம்மாவுக்கும் எதிரே போனதும் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

பூனை யாருக்கும் அடங்கவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார்கள் அம்மா. தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது தலையை என் கைக்குள் நுழைத்துக்கொண்டது. விலாவில் விரல் வைத்தேன். துடிப்பு இறங்கி இறங்கி வழக்கத்துக்கு வந்துவிட்டது. கடிகாரம் இல்லாமலே தெரிந்தது.

"ஐயா, இப்ப ஒருக்கா எண்ணிப் பாருங்கய்யா."

எனக்கே சரியாகக் கேட்காத குரல். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். "எந்தா?" என்றார், நிமிராமல்.

"ஒண்ணுமில்லைங்கய்யா."

என் விரலுக்கடியில் அது நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எண்ண ஒன்றுமில்லை.